இரண்டாவது பட்டை

அன்புள்ள அண்ணாவுக்கு,

பார்சலைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது உன் சட்டையின் மூன்றாவது பட்டனை. அது மட்டும் வெள்ளை நூலில், காஜாவுக்குள் நுழையாத அளவுக்கு இறுக்கித் தைத்திருந்தது. பட்டாளத்தில் உனக்குக் கீழே இருக்கும் எட்டுப் பேரில் ஒல்லியானவன், அந்தக் குச்சி தைத்தது என்று உடனே தெரிந்துவிட்டது. "உன் தொழிலுக்குப் போட்டி வந்தாச்சு" என்று நீதானே முன்பு எழுதியிருந்தாய்.

இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பதவி உயர்ந்து உனக்கு இரண்டாவது பட்டை கிடைத்ததைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. "எட்டுப் பேருக்கும் எம்புள்ளதான் தலைவன்" என்கிறாள். என் தையற்கடை அக்கா விடுவாளா? "கரப்பானப் பாத்தா கட்டில் மேல ஏறுறவன் கையிலயா? பாவம்டி அந்த எட்டுப் பேரு" என்றாள். அம்மாவும் சிரித்துவிட்டாள்.

அந்தத் துணிப் பட்டையை என் கையால்தான் சட்டையில் தைக்க வேண்டும் என்று இரண்டையும் அனுப்பினாய். பார்சல் வந்து சேர இருபது நாளாகிவிட்டது. பச்சை நூல் வாங்கி வைத்தேன். மறுநாளே உன் கடிதம் வந்தது.

அம்மா வாசிக்கச் சொன்னாள். ஆற்றைக் கடக்கும் பயிற்சி, கைநழுவிய கயிறு, பன்னிரண்டு நாளாகக் குச்சி ஆஸ்பத்திரியில் கண் திறக்காதது, எதையும் நான் வாசிக்கவில்லை. நீ நன்றாகச் சாப்பிடுவதாகச் சொன்னேன். "இவ்ளோ பெரிய காயிதத்துல இவ்ளோதானா?" என்றாள். "அவன் எழுத்து பெரிசும்மா" என்றேன்.

உன்னைப் பொறுப்புக்குப் பழக்கிய வாத்தியார் முதல் நாளே சொன்னாராமே: "உன் ஆளுங்கள 'போ'ன்னு சொல்லாத. நீ முன்னால எறங்கிட்டு 'வா'ன்னு சொல்லு." ஒரு வருடம் அப்படித்தான் இருந்தாய். அன்றைக்குக் கரையில் பெரிய அதிகாரி நின்றார், நேரமாகிவிட்டது, தண்ணீருக்குப் பயந்து நின்ற குச்சியை "போடா" என்றுவிட்டாய். அந்தச் சொல்லைக் கடிதத்தில் நான்கு இடத்தில் எழுதியிருக்கிறாய்.

பட்டை வேண்டாம், தைக்காமல் திருப்பி அனுப்பு என்கிறாய். "நீ விட்டுட்டா மிச்ச ஏழு பேரு யாரப் பாத்து எறங்குவாங்க?" என்று வாத்தியார் கேட்டாராம். அதற்கு என்ன பதில் என்று என்னைக் கேட்கிறாய். எட்டாவதோடு நின்றவள் நான். கடைக்கு வருகிறவர்களிடம் அளவு கேட்கவே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தைத்தால் உன் மனதை மிதித்த மாதிரி இருக்கிறது. தைக்காவிட்டால் குச்சி இனி எழமாட்டான் என்று நானே முடிவுகட்டின மாதிரி இருக்கிறது. மூன்று நாளாகச் சட்டை மடியிலேயே கிடக்கிறது.

உன்னை பஸ் ஏற்றிய அன்று அம்மா "போயிட்டு வா" என்றாள். அவளும் "போ" என்றுதானே தொடங்கினாள்? நீ அவனிடம் பாதியோடு நிறுத்திவிட்டாய், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள். மீதியை அவன் கட்டில் பக்கத்தில் போய்ச் சொல் அண்ணா. அவனுக்குக் கேட்கிறதோ இல்லையோ, சொல்.

வெள்ளை நூல் பட்டனை நான் தொடவில்லை. பட்டையை ஓட்டுத் தையலில் மட்டும் பிடித்திருக்கிறேன். முடிச்சுப் போடவில்லை, ஒரே இழுப்பில் வந்துவிடும். ஊசியையும் மிச்சப் பச்சை நூலையும் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

உன்
வாயில்லாப் பூச்சி