அமுக்காத மண்

மார்ச் 2
மாத முடிவில் வாஷிங் மெஷின் வருகிறதாம். வைக்க இடம் பால்கனிதானாம். இரண்டு தடவை விதை போட்டு ஒன்றுகூட முளைக்காத மனுஷனுக்குப் பால்கனி எதற்கு என்று மருமகள் கேட்கிறாள். அவள் கேட்பது நியாயம்தான். எனக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது.

"கடை மண்ணு சரியில்லம்மா. இந்தத் தடவ நானே கலக்கறேன். மெஷின் வர்றதுக்குள்ள நாத்து நிக்கலேன்னா பால்கனி உனக்கு" என்றேன்.

மகன் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. பிழைக்கத் தெரிந்தவன்.

மார்ச் 4
தென்னைநார்த்தூள் கட்டியை ஊறவைத்தேன். செங்கல் அளவு இருந்தது, வாளி நிறையப் பொங்கிவிட்டது. உப்பு போகும்வரை அலசிப் பிழிந்தேன். இது இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கொஞ்சம் மணல். உரத்தைச் சலித்தது மாவுச் சல்லடையில் — மருமகள் பார்த்துவிட்டாள்.

"மாமா! அதுல நாளைக்கு மாவு சலிக்கணும்!"

மாலையில் புதுச் சல்லடை வாங்கிக் கொடுத்தேன். பழையது இனி எனக்கு!

மார்ச் 5
குழி குழியாக இருக்கும் நாற்றுத் தட்டுகளை நிரப்பித் தக்காளி விதை போட்டாயிற்று. கலவை என்றால் இதுதான் கலவை.

மார்ச் 13
ஒன்றும் காணோம்.

மார்ச் 14
ஒரு குழியைக் கிளறிப் பார்த்தேன். விதை அழுகிக் கிடக்கிறது. ஏன்? பார்த்துப் பார்த்துத்தானே செய்தேன்?

மருமகள் வந்து விரலால் குத்தினாள். விரல் இறங்கவில்லை.

"என்ன மாமா, இவ்ளோ அமுக்கி வச்சிருக்கீங்க? அது மூச்சு விட வேணாமா?"

எரிச்சலாக வந்தது. அப்புறம் சிரிப்பும் வந்தது. முப்பது வருஷம் கண்டக்டரா இருந்து, உள்ள போ, உள்ள போன்னு ஆளை அடைச்ச கை. மண்ணை மட்டும் சும்மா விடுமா?

மார்ச் 15
புதிதாகக் கலந்தேன். மணல் இந்தத் தடவை கூடுதல். பிடித்தால் உருண்டையாக நிற்கணும், தட்டினால் உதிரணும், தண்ணீர் சொட்டக் கூடாது. நின்றது, உதிர்ந்தது, சொட்டவில்லை. குழிகளில் போட்டதும் தட்டை லேசாகத் தரையில் ஒரு தட்டு, அவ்வளவுதான். விதை போட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 22
முளைத்துவிட்டது! தட்டு முழுக்க!

மகனை எழுப்பிக் காட்டினேன். "சரிப்பா" என்று போய் மறுபடி படுத்துக்கொண்டான். போகட்டும். எனக்குப் பெருமையாக இருக்கிறது, பெருமைப்பட யாரைக் கேட்க வேண்டும்? மருமகள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

மார்ச் 31
மெஷின் வந்தது. தூக்கி வந்தவர் பால்கனியை எட்டிப் பார்த்து, "இந்தத் தட்டெல்லாம் எடுத்துட்டா இங்கயே வச்சிடலாம்மா" என்றார்.

"அதுல கை வைக்காதீங்க. எங்க மாமா சொந்தமா மண்ணு கலந்து வளர்த்தது. எப்படி நிக்குது பாருங்க!" — பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள் மருமகள்.

சொல்லிவிட்டாளே தவிர, மெஷினை எங்கே வைப்பதென்று அவளுக்கே தெரியவில்லை. முழித்துக்கொண்டு நின்றாள்.

"என் ரூம்ல வைங்க. பாத்ரூம் குழாய் பக்கத்துலதான் இருக்கு" என்றேன்.

கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டாயிற்று.