இன்று பையரிடம் நானே பேசுகிறேன்

ரைசா கண்ணு,

உன் அத்தா மவுத்தாகி நம்மை விட்டுப் போன அன்று காலையிலும் டீ குடித்துக்கொண்டே, நம் கம்பெனிக்குப் பனியன் வாங்க வரும் வெளிநாட்டுப் பையராக நடித்தார். நான் முதலாளியம்மாவாக இங்கிலீஷில் பதில் சொன்னேன். நடுவில் தமிழ் பேசியவர் பாத்திரம் கழுவ வேண்டும், அதுதான் எங்கள் விதி.

"மேனேஜர் பேசட்டும்மா, நீங்க சிரிச்சுட்டு நின்னாப் போதும்" என்று நேற்று சொன்னாயே, கோபம்தான். ஆனாலும் இன்று பையரிடம் நானேதான் பேசப் போகிறேன்! காலையிலிருந்து குக்கர், வண்டிச் சாவி எல்லாவற்றுக்கும் குட் மார்னிங் சொல்லியாயிற்று.

குருமாவைச் சூடு பண்ணிக்கொள். பூட்டினால் சாவியைப் பக்கத்து ஊட்டில் கொடு.

பின்குறிப்பு: பாத்திரத்தைத் தொடாதே. கிளம்பும்போது அத்தா நாற்காலியைப் பார்த்து, "போயிட்டு வர்றேனுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டேன். நான்தான் கழுவ வேண்டும்.