மஞ்சள் பலகையில் என் பெயர்

ஜூலை 8, செவ்வாய்

இன்று பருப்பு அடிப்பிடித்துவிட்டது. காரணம் யோகநாதன் அண்ணை. பறயனாலங்குளத்தில் ஆட்களை இறக்கிவிட்டு வந்தவர், ஓட்டோவை என் கடை வாசலில் நிறுத்தினார். தேத்தண்ணி கூடக் கேட்கவில்லை. "தங்கச்சி, வழி முழுக்க உம்மட பேர் கிடக்கு, கண்டனீரோ?" என்றார். மஞ்சள் பலகைகளாம். "றாபியா யார்?" என்று மட்டும் எழுதியிருக்கிறதாம்.

பகிடி விடுகிறார்.

ஜூலை 9, புதன்

பகிடி இல்லை. அவருடைய ஓட்டோவிலேயே போய்ப் பார்த்தேன். "றாபியா யார்?" கொஞ்சத் தூரம் விட்டு, "றாபியாவைத் தெரியுமா?" பிறகும் "றாபியா யார்?" பூவரசங்குளத்துக்குக் கிட்ட, என் கடைக்குக் கூப்பிடு தூரத்தில், "றாபியா அருகில்தான்." வைத்தவர் பெயரும் இல்லை, தொலைபேசி இலக்கமும் இல்லை. கையால் எழுதியதல்ல, ஒழுங்காக அச்சடித்தது.

என் கடையின் நெற்றியில் "றாபியா சாப்பாட்டுக் கடை" என்று இருக்கிறது. இந்த வீதியில் வேறு எந்த றாபியா?

யார் செய்தது? எதற்காக?

ஜூலை 11, வெள்ளி

வாகனங்கள் நிற்கத் தொடங்கிவிட்டன. மன்னாருக்குப் போய்த் திரும்பிய ஒரு குடும்பம். பிள்ளைகள் வானுக்குள் இருந்தே "றாபியா! றாபியா!" என்று கத்துகிறார்கள். இறங்கிய மனிசி என்னை மேலும் கீழும் பார்த்தா. "நீங்கதானா அது? ஒவ்வொரு பலகையாப் பாத்துப் பாத்து வந்தம். நிக்காமப் போக மனம் கேக்கேல்ல." மத்தியானத்துக்குள் வட்டிலப்பம் முடிந்துவிட்டது.

சந்தோஷப்பட முடியவில்லை. பின்னேரம் மூன்று பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, ஒன்றும் வாங்காமல், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். முக்காட்டை இழுத்து இழுத்தே கை நோகிறது.

ஜூலை 12, சனி

சந்திக் கடை ரூபனோ? என் பெயர் கெட்டால் அவனுக்கு நல்லதுதான். ஆனால் ஆட்கள் என்னிடமல்லவா வருகிறார்கள்? இல்லாவிட்டால் யோகநாதன் அண்ணையே — முதலில் கண்டது அவர்தானே?

சீ. பலகைக்காரன் என் மூளையையும் சேர்த்துக் குழப்பிவிட்டான்.

ஜூலை 16, புதன்

றவூப் நானாதான், என் மூத்த சகோதரர். வேறு யார்?

என் மனிசன் மவுத்தாகி, தனியாளாக நான் கடை போட்ட அன்றே சொன்னவர்: "ரோட்டோரத்தில நிண்டு போறவன் வாறவனுக்கெல்லாம் முகம் காட்டப் போறியா? என்ர வீட்ட வந்து இரு." அதற்குப் பிறகு கூடப்பிறந்தவள் என்றும் பாராமல் கடைக்குள் கால் வைக்கவில்லை. நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தால் தானாகப் பூட்டுவேன் என்று நினைத்திருப்பார்.

போன் எடுத்துக் கேட்டேன். "நானா, என்ர பேரை ரோட்டில போட்டது நீங்கதானே?"

"என்னைப் பாத்தா கேக்கிறாய்?" என்றார்.

"வேற ஆருக்கு நான் கடையைப் பூட்டோணும்?"

போனை வைத்துவிட்டார். இல்லையென்று ஒரு சொல் சொல்லவில்லை. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஜூலை 18, வெள்ளி

பலகைகள் சில காணாமல் போயிருக்கின்றன. பயந்துவிட்டார் போல.

ஜூலை 21, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

நானாவின் மனைவி பர்வின் மச்சி அழுதுகொண்டு கடைக்கு ஓடி வந்தா. "உங்கட நானாவைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போயிட்டுது." பலகை பிடுங்கினாராம். நான் போனில் கேட்ட நாளிலிருந்து, விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு, இரும்பு அலவாங்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறார். இன்று பலகைக்காரர் பிடித்துவிட்டார்கள்.

"அப்ப ஏன் மச்சி, தான் இல்லையெண்டு என்னட்டச் சொல்லேல்ல?"

"நீங்க கேட்ட கேள்விக்கு அந்த மனிசன் என்னத்தைச் சொல்லுறது?"

அல்லாஹ்வே. நான் என்ன செய்து வைச்சிருக்கிறன்?

மச்சியோடு பொலிஸுக்கு ஓடினேன். அங்கே முறைப்பாடு கொடுத்த அஸ்வர் என்ற இளந்தாரி நின்றான். வவுனியாவில் திறக்கப்போகும் சேலைக் கடையின் முகாமையாளராம். றாபியா என்பது முதலாளியின் மகளின் பெயர். "திறக்கிற வரைக்கும் பேரை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டு ஆக்களை யோசிக்க வைக்கிறது, ராத்தா. இப்ப விளம்பரம் இப்பிடித்தான்."

"அந்த ரோட்டில ஒரு றாபியா இருக்கிறாளோ எண்டு ஆரும் விசாரிச்சனீங்களோ தம்பி? என்னைத்தான் எல்லாரும் வந்து பாக்கினம்."

அவன் பொலிஸ் மேசைக்குப் போனான். முறைப்பாட்டைத் திருப்பி எடுத்தான்.

நானா வெளியே வந்தார். தாடியில் புழுதி. என்னைப் பார்க்காமலே மச்சியோடு ஓட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

ஜூலை 23, புதன்

நானா வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. தொழுகிறார் என்றா மச்சி. வெகுநேரம் இருந்தேன். அவர் வெளியே வரவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

பலகைகளை மாற்றிவிட்டார்கள். இப்போது "றாபியா பட்டு மாளிகை, வவுனியா" என்று விலாசத்தோடு இருக்கிறது. இனி ஒருவரும் நிற்கத் தேவையில்லை.

பத்து மணிபோல நானா வந்தார். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, முன்வாங்கில் உட்கார்ந்தார். "தேத்தண்ணி ஊத்து" என்றார். ஊற்றிக் கொடுத்தேன்.

"நானா, நான் உங்களை..."

"சீனி காணாது."

போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.

அப்போது ஒரு வான் வந்து நின்றது. பழைய பலகைகளைக் கண்டு போனவர்கள், திரும்பி வருகிறார்கள் போல. ஒருவர் தலையை நீட்டி, "இதுதானோ அந்த றாபியா?" என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் நானா எழும்பிவிட்டார்.

"அது வவுனியாவில. இது என்ர தங்கச்சியின்ர கடை. இறங்குங்கோ, வந்து இருங்கோ."