கழன்ற கைப்பிடியும் அம்மாவின் இரும்புப் பெட்டியும்

என் அப்பாவுக்கு, டென்மார்க்கின் ஸ்கீவ நகர மழைக்குள்ளிருந்து,

துப்பாக்கியைத் திருத்தியாகிவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் உங்களுக்குப் பொறுமை இருக்காது.

எனக்குக் களைப்பாக இருக்கிறது அப்பா. முதியோர் இல்லத்தில் மாலை வேலை. வீட்டுக்கு வந்தால் உங்கள் விஷயமாக யாராவது ஏதாவது கேட்டு எழுதியிருப்பார்கள். ஒருவர் இல்லாமல் போவதற்கு இவ்வளவு பதில் எழுத வேண்டுமா? பொலிஸும் கேட்டது. துப்பாக்கியை அனுமதி உள்ள ஒருவரின் பெயருக்கு மாற்ற வேண்டும், அல்லது விற்க வேண்டும், அல்லது ஒப்படைக்க வேண்டும். உங்களோடு சேர்ந்து நானும் வேட்டைப் பரீட்சை எடுத்தது உதவியது. அனுமதி என் பெயருக்கு வந்துவிட்டது. வராதது அம்மாவின் அனுமதிதான்.

"குடுத்திடு பிள்ளை. இந்த வீட்டில அது இவ்வளவு நாள் இருந்தது காணும்" என்றார்.

அம்மா துப்பாக்கிகளுக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவர். நீங்களும்தான். ஆனால் இங்கே உங்களுக்கு அது, தொழிற்சாலையில் கூட வேலை செய்த பிரெபனோடு காட்டோரத்தில் விடியும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்க ஒரு சாட்டாக இருந்தது. அம்மாவுக்கு அது கடைசிவரை துப்பாக்கிதான்.

அதனால் வந்ததுதானே உங்கள் இருவருக்கும் இடையிலான அந்த ஒப்பந்தம். துப்பாக்கி உங்கள் அலுமாரியில். அதன் பின்பக்கத்தை அடைத்துப் பூட்டும் போல்ட் மட்டும் அம்மாவின் சின்ன இரும்புப் பெட்டியில், பெட்டித் திறப்பு அம்மாவிடம். போல்ட் இல்லாமல் அது வெறும் குழாய். நீங்கள் வேட்டைக்குப் புறப்படும்போது அம்மா தூக்கக் கண்ணோடு அதை எடுத்துத் தருவார். திரும்பி வந்து நீங்கள் சப்பாத்துக் கழற்றுவதற்கு முன்பே கையை நீட்டுவார். அதன் பிறகுதான் "மான் கிடைச்சதோ?" என்று கேட்பார். கிடைத்திருந்தால் கறியும் அவர்தான் வைப்பார். உங்கள் இறுதிச் சடங்கில் பிரெபன் என் காதருகே குனிந்து, "இனி அந்தக் கறியும் இல்லையா?" என்று கேட்டார். அவருக்கு அழத் தெரியவில்லை, பாவம்.

கடைசி வேட்டையில் சுட்ட தோட்டாவின் வெறுங்கோது துப்பாக்கிக்குள் இறுகிவிட்டது. நீங்கள் ஒரு விறகுத் துண்டால் தட்ட, போல்ட்டின் கைப்பிடி கழன்று விழுந்தது. இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தீர்கள்.

"இந்தாரும், இப்ப ரெண்டாக் கிடக்கு."

"ஒண்டை வைச்சிருக்கிறதே பெரும் பாடு. இதில ரெண்டாம்."

அடுத்த கிழமை கொண்டுபோய்த் திருத்துவதாகச் சொன்னீர்கள். அந்தக் கிழமை வருவதற்குள் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

"விக்கிறதெண்டாலும் உடைஞ்சதை ஆர் வாங்குவினம்? முதல்ல திருத்துவம்" என்று நான் சொன்னேன். அம்மா பெட்டியைத் திறந்து கைக்குட்டையை முடிச்சோடு தந்தார். நான் அதை அவிழ்க்காமலே, துப்பாக்கியோடு பக்கத்து நகரமான விபோர்க்குக்குக் கொண்டுபோனேன்.

துப்பாக்கி திருத்துபவர் முடிச்சை அவிழ்த்தார். கைப்பிடி போல்ட்டோடு பொருந்தியே இருந்தது. நான் விழித்தேன். அவர் பெருவிரலால் லேசாகத் தொட்டதும் அது கழன்று மேசையில் விழுந்தது. முறிவில் வெள்ளையாய்ப் பொருக்கு.

"யார் இதைப் பசை போட்டு ஒட்டியது? இது என்ன தேநீர்க் கோப்பையா?" என்று டேனிஷில் கேட்டார்.

தெரியாது என்றேன். தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பிள்ளையாரின் தும்பிக்கையும் மிக்ஸி மூடியும் அதே பசையில்தானே நிற்கின்றன?

கைப்பிடியை வெள்ளிப் பற்றாசை உருக்கி வைத்து மறுபடியும் பொருத்தலாம் என்றார். ஆனால் காய்ச்சும்போது சூடு போல்ட்டின் முன்பக்கத்துக்குப் போகக் கூடாது. வெடியின் அழுத்தத்தைத் தாங்குவது அந்தப் பக்கம்தான். அது இளகிவிட்டால் சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து. அதனால் முன்பக்கத்தைச் சூடு தடுக்கும் களிம்பால் மூடிவிட்டுக் காய்ச்சுவாராம். பசை துளி மிஞ்சினாலும் பற்றாசு பிடிக்காது. "சரிவராவிட்டால், இவ்வளவு பழைய துப்பாக்கியைக் கழித்துவிடுவதுதான் நல்லது" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்களோ அதை ஒட்டினது?"

"எதை?"

"தெரியாத மாதிரிக் கதையாதேங்கோ."

கத்தி நிற்கவில்லை. "ஓம். அவர் போன எட்டாம் நாள், எட்டுச் செலவு முடிஞ்ச அண்டைக்கு."

"உங்களுக்குத்தான் அது கண்ணில காட்டக்கூடாதே."

"காட்டக்கூடாதுதான். ஆனா அவர் என்ர கையில தந்தது. உடைஞ்சபடி உள்ளுக்க கிடந்தால் எனக்கு எப்பிடி நித்திரை வரும்?" வெங்காயத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, "பசை பிடிச்சிருந்ததோ?" என்று கேட்டார்.

"தொட்ட உடன விழுந்திட்டுது."

"இப்ப வாற பசை ஒண்டும் சரியில்லை."

நான் சிரித்தேன். சிரிக்கவும் களைப்பாகத்தான் இருந்தது. திருத்தி வந்தால் விற்பதா, வைத்திருப்பதா என்று அன்று கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாரோ என்ற பயம்.

இன்று போய் எடுத்து வந்தேன். பொருத்திய இடத்தில் நூல் போல ஒரு வெள்ளிக் கோடு. திருத்தியவர் சுட்டுப் பார்த்துத்தான் தந்தார். வாசலில் ஈரச் சப்பாத்தோடு நின்று, போல்ட்டையும் துப்பாக்கியையும் ஒன்றாக உங்கள் அலுமாரியில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். உங்கள் ஒப்பந்தம் உங்களோடு முடிந்துவிட்டது அல்லவா?

அம்மா குசினியிலிருந்து வந்து கையை நீட்டினார்.

கொடுத்தேன். ஊறுகாய்ப் போத்தல் மூடியைத் திறப்பதுபோல் கைப்பிடியைப் பிடித்து முறுக்கிப் பார்த்தார்.

"இனிக் கழராதோ?"

"கழராது."

"கொப்பர் மாதிரி நீயும் விறகால தட்டாதை."

பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, உலையைப் பார்க்கப் போய்விட்டார். விற்பதா என்று நான் கேட்கப் பயந்ததற்கு அதுதான் பதில் என்று விளங்கிய பிறகே சப்பாத்தைக் கழற்றினேன்.

ஒரு மானைச் சுட என்னால் முடியுமா, தெரியாது. நீங்களும் அதிகம் சுட்டதில்லை. அப்படியென்றால் இத்தனை விடியல்களில் அங்கே உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

மே மாதம் ஆண்மான் வேட்டை தொடங்கும் காலையில் பிரெபனோடு போகிறேன். கோது இறுகினால் அப்படியே கொண்டுவருவேன். மானோடு வந்தாலும் வெறுங்கையோடு வந்தாலும், சப்பாத்துக் கழற்றும் முன் போல்ட் அம்மாவின் கையில் இருக்கும் அப்பா.

இனி அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போகப்போகிற,
உங்கள் மூத்த மகள்