ஒரு தடவைதான் கேட்பார்கள்

செல்வி இன்று கடம்பூர் போளி வாங்கி வந்திருந்தாள். ஜெர்மனியில் படிப்பை முடித்துத் திரும்பிய கையோடு என்னைப் பார்க்க வந்துவிட்டாள். பொட்டலத்தைப் பிரித்ததுமே நெய் வாசம் அறை முழுக்க நிறைந்தது. "எடுத்துக்கோங்க மேடம்" என்றாள். வழக்கம்போல, "இருக்கட்டும்மா, வேண்டாம்" என்றேன். சரியென்று பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அந்த ஊர்ப் பனியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். நம் ஊர்ப் பிள்ளை செய்கிற காரியமா இது? எல்லாம் நீ அவளுக்குப் பழக்கிவிட்ட வேலை. உன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீ போய் இத்தனை வருஷமாகியும் அது ஆறவில்லை.

ஒன்றாகப் படித்து, ஒரே கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கச் சேர்ந்தவர்கள் நாம். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்காக எட்டயபுரம் ரோட்டில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தது உன் யோசனை. கோடை விடுமுறை முழுக்க அங்கேயே தங்க வேண்டும்; படி ஏறினால் தமிழ் கூடாது. வெளியே கரிசல் வெடித்துக் கிடக்கும். உள்ளே வேர்த்து வடிந்தபடி பிள்ளைகள் குளிருக்கு என்ன உடுத்துவது என்று இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நடுவில் ஒரு வருஷம் நீ இங்கிலாந்துக்குப் போய்ப் படித்தபோது, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று வீட்டுக்காரம்மா கேட்டாளாம். நம் வழக்கப்படி வேண்டாமென்று சொல்லிவிட்டு, மறுபடி கேட்பாள் என்று காத்திருந்து அரைவயிற்றோடு எழுந்தாயாம். முதல் கேள்விக்கே தலையாட்டினால் சோற்றுக்கு அலைந்தவள் என்று பேர் வாங்கும் ஊர் நம்முடையது. அதனால்தான் சாப்பாட்டையே முதல் பாடமாக வைத்தாய்.

செல்வி கயத்தாறு பக்கம் ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளை. வந்த அன்று, இன்னும் சோறு வைக்கட்டுமா என்று நீ இங்கிலீஷில் கேட்டதற்கு, "நோ, தேங்க்யூ" என்றாள். நீ சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் அடுக்களையில் வைத்துவிட்டாய். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து நான் கரண்டியை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாய்.

"விடுட்டி. இங்கன பசிச்சா நாம இருக்கோம். அங்கன யாரு இருக்கா?"

"சோத்துலயா பாடம் நடத்துவ? நீயெல்லாம் ஒரு மனுசியாட்டி?" என்று நானும் உன் சட்டத்தை மீறித் தமிழிலேயே கத்தினேன். நீ அசையவில்லை. மறுநாள் செல்வி தட்டை நீட்டி, "யெஸ், ப்ளீஸ்!" என்று வீடே அதிரச் சொன்னாள். நீ கரண்டி கரண்டியாய் அள்ளி வைத்தாய். உன் பிடிவாதம்தான் சரி என்று அன்று நானும் நம்பினேன்.

அடுத்த கோடையில் நீ மதுரை ஆஸ்பத்திரியில் படுத்தாய். போன் செய்து, "நான் வாரேன்ட்டி" என்றேன். "வேண்டாம், சின்ன விசயம்தான். நீ பிள்ளைகளப் பாரு, வகுப்பு நிக்கக்கூடாது" என்றாய். உன் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. வேண்டாமென்றால் வேண்டாம்தான் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் சொன்னதை நான் நம்பாமல் வேறு யார் நம்புவது? வகுப்பை நடத்தினேன். அடுத்த போன் உன் தம்பியிடமிருந்து வந்தது. காரியம் முடிந்தபின் அவன்தான் சொன்னான்: "அக்கா தெனமும் வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தா. நீங்க வருவீகன்னு நெனச்சா."

பாவி, ஏன் அப்படிச் சொன்னாய்? அத்தனை பிள்ளைகளிடமிருந்தும் பிடுங்கி எறிந்த வழக்கத்தை உனக்கு மட்டும் எதற்காக வைத்துக்கொண்டாய்? நான் மறுபடி கேட்பேன் என்று காத்திருந்தாயா? உன்னை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த வகுப்பை இன்னும் நான்தான் நடத்துகிறேன். சோற்றுப் பாத்திரத்தை நீ தூக்கிய மாதிரியே தூக்குகிறேன். ஆனால் பிள்ளைகள் கிளம்புவதற்கு முன் என் பாடம் ஒன்று இருக்கிறது. காய்ச்சலில் படுத்திருக்கிறாய், தோழி போன் செய்து வரட்டுமா என்கிறாள், பதில் சொல் என்பேன். எல்லாரும் முதலில் "வேண்டாம், பரவாயில்லை" என்றுதான் சொல்கிறார்கள். நான் கத்துவேன். "வா" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை ஒருத்தியையும் விமானம் ஏற விடுவதில்லை.