ரெக்கார்டுக்கு வைத்த பொட்டு

அவனியாபுரம்,
19.11.2007, திங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

கனகா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். கடைசிவரை படியுங்கள். உங்கள் கூட்டாளி ஸ்ரீநாத் அண்ணனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். அதற்குள் நீங்கள் அவரிடம் பேசியாக வேண்டும்.

குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது. தீபாவளிக்கு உங்களுக்கு எடுத்த சட்டை பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. கோயம்புத்தூரில் ஸ்பீக்கர் பெட்டி தூக்கித் தூக்கி முதுகுவலி வந்துவிட்டதா? இந்தா பாருங்கள், சொல்ல வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ சுற்றுகிறேன்.

ஆயுதபூஜை அன்று நீங்கள், கல்யாணங்களில் டிஜே பாட்டுப் போடுகிற லேப்டாப்போடு நாகமலை புதுக்கோட்டைக்கு, ஸ்ரீநாத் அண்ணன் அறைக்குப் போனீர்கள். பாட்டுப் போடுகிற சாஃப்ட்வேரில் புது வெர்ஷன் போட்டால் பாட்டு இழுக்காது என்று அவர் வற்புறுத்தினார். ஓடுகிறதை எதற்கு நோண்ட வேண்டும் என்று முனகிக்கொண்டேதான் போனீர்கள். நான் இங்கே ஸ்பீக்கர், ரெக்கார்டு சுற்றுகிற மிஷின், அரிவாள்மணை, கத்தரி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். நமக்குச் சோறு போடுவது எதுவென்று அப்புறம்தான் யோசித்தேன். பாட்டே இல்லாமல் கீச்சென்று ஒரே சத்தம் மட்டும் இருக்கிற அந்த இரண்டு ரெக்கார்டு. அந்தச் சத்தத்தை ஊசி படித்துச் சொல்ல, உங்கள் கை போகிற போக்கில் லேப்டாப்பில் இருக்கிற பாட்டு ஓடும் என்று நீங்கள் விளக்கியபோது சிரித்தவள்தான் நான். அன்றைக்கு என்னமோ அதன்மேல் பாசம் பொங்கிவிட்டது. உறையிலிருந்து எடுத்து, ஒன்றுக்கு ஐந்து பொட்டு, பன்னீரில் குழைத்த சந்தனத்தை அழுத்தி வைத்தேன். மறுநாள் நீங்கள் வருவதற்குள் கிரைண்டரைத் துடைப்பதுபோல ஈரத்துணியால் துடைத்து உறையில் போட்டுவிட்டேன். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் ஆனையூர் மண்டபத்தில் நடந்ததை நானும் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். பொண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறும்போது பாட்டு திக்கியது, தாவியது, நின்றேபோனது. பையன்கள் விசில் அடித்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் நீங்கள் ஸ்ரீநாத் அண்ணன் சட்டையைப் பிடித்தீர்கள். வேண்டுமென்றே அப்டேட் போட்டுக் கெடுத்துவிட்டான் என்றீர்கள். ஊசியை ஒரு தடவை பார் மாப்ள என்று அவர் கெஞ்சியது உங்கள் காதில் ஏறவே இல்லை. மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போனவர்தான் நீங்கள்.

தீபாவளிக்கு மறுநாள் அவர் இங்கே வந்தார். லேப்டாப் அவருடையதுதானே, எடுத்துப்போக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ ரெக்கார்டைப் போட்டுக் காட்டச் சொன்னார். திரையில் ஒரு வட்டம் வரும், அது முழுசாக இருந்தால் ரெக்கார்டை நன்றாகப் படிக்கிறது என்று அர்த்தமாம். வட்டம் கிழிந்து கிழிந்து வந்தது. புது வெர்ஷனை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டார். அப்போதும் அப்படியேதான். ஊசியைக் கழற்றிப் பார்த்தால் நுனியில் மஞ்சளாக அழுக்கு. விரலில் தேய்த்து மோந்து பார்த்தார். சந்தன வாசனை, நான் துடைத்தும் ரெக்கார்டு வரிகளுக்குள் தங்கிவிட்டது. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

ஊசியைத் துடைத்து மாட்டினார். அப்புறம் அவர் சொன்னது இதுதான்: "தங்கச்சி, அவன்கிட்ட இதச் சொல்லாத. அப்டேட்டுதான் காரணம்னு நானே ஒத்துக்கிறேன். கோவம் என்னோட போகட்டும், வீட்டுக்குள்ள வேணாம்."

உங்கள் கோபத்துக்குப் பயந்து நானும் தலையாட்டிவிட்டேன் மாமா. வெட்கமாக இருக்கிறது. ரெக்கார்டு இரண்டையும் அவரே சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவைத்துவிட்டுப் போனார். முந்தாநாள் நீங்கள் போனில், அந்தத் துரோகி பேரை எடுக்காதே என்றபோது நான் "ம்" என்றேன். அந்த நேரத்திலிருந்து அடுப்பில் வைத்தது கருகுகிறது, கதவைப் பூட்டினேனா என்று மூன்று தடவை திரும்பிப் பார்க்கிறேன். உங்களுக்கு இருந்தது அந்த ஒரு கூட்டாளி. செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு ஊரைவிட்டுப் போகிறார் மனுசன்.

துரோகி என்றால் அது நான்தான். இதைப் படித்ததும் முதலில் அவருக்குப் போன் போடுங்கள். நம்பர் மாறவில்லை. மன்னிப்பு எல்லாம் வேண்டாம், பழையபடி மாப்ள என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும், அவருக்குப் புரிந்துவிடும்.

அப்புறம் என்னைத் திட்டுவீர்கள். திட்டவேண்டியதுதான். ஆனால் போனில் வேண்டாம் மாமா. பஸ் ஏறி வந்து, நேரில் நின்று திட்டுங்கள்.

உங்கள்
கனகா