முன்வரிசைக் கதிரை

அன்புத் தங்கச்சி ரபீகாவுக்கு, ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? கண்டியில் நான் ராஜா. டியூசன் மண்டபத்தின் சாவியே என் கையில்தான்.

எழுநூறு பிள்ளைகளுக்குள் உன் மகள் பஸ்லினாவுக்கு முன்வரிசையில் கதிரை பிடித்துக் கொடுத்தேன். கணக்குப் படிப்பிக்கிற சேர் மைக்கில் பேசினால் குண்டசாலை வரை கேட்கும்!

போன ஞாயிறு அவள் வகுப்பில் மயங்கி விழுந்தாள். சின்ன விசயம்தான். நானே தூக்கிவந்தேன், பாடம்கூட நிற்கவில்லை.

“ஒண்டும் விளங்கல்ல மாமா. ஒரு வருசமாச்சு, சேருக்கு என்ட பேரே தெரியா,” என்று அழுதாள்.

அவளுடைய பள்ளிக்கூடக் கணக்குக் கொப்பி உன் வீட்டு அலுமாரியில் இருக்குமாம், உடனே அனுப்பு. ஊர் டீச்சர் அதில் சிவப்புப் பேனையால், “பஸ்லினா, இந்த வரி மட்டுந்தான் பிழை” என்று எழுதியிருக்கிறாராம். அதைப் பார்க்க வேண்டுமாம்.

கேட் திறக்க நேரமாயிற்று. அவள் கதிரையில் அன்றைக்கே வேறு பிள்ளை உட்கார்ந்துவிட்டது.

உன் நானா,
ஸமீம்